குடத்தின் நிறம் மாறினால் குழாயில் நீர் கூடுமா?

அமெரிக்காவில் குன்றுகள் சூழ்ந்த ஒரு நடுத்தர ஊரை மனத்தில் கொண்டு வாருங்கள். அங்கே கான்கிரீட் கலவை ஏற்றிச் செல்லும் லாரிகளை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. பழுதாகி வழியில் நின்ற கார்களை இழுத்து வரும் தொழில் செய்பவர் ஒருவர் இருக்கிறார். குழாய் பழுது பார்க்கும் ஆட்களை வீடு வீடாக அனுப்பும் கடைக்காரர் இருக்கிறார். பள்ளிப் பேருந்துகளைக் குத்தகைக்கு ஓட்டுபவரும் இருக்கிறார். இவர்கள் அனைவருக்கும் தேவை ஒன்றே. சாலையில் போய்க்கொண்டிருக்கும் ஓட்டுநரோடு அலுவலகத்திலிருந்தபடியே பேச வேண்டும். ஆனால் வண்டியில் பொருத்திய இருவழி வானொலி சில மைல் தூரத்திற்கே எட்டும். குறுக்கே ஒரு குன்று வந்துவிட்டால் அதுவும் இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. உயரமான குன்றின் மேல் 'ரிப்பீட்டர்' என்னும் கருவியை வைப்பார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வதே அதன் வேலை. ஓர் அதிர்வெண்ணில் வரும் பேச்சை வாங்கி, அதே கணத்தில் வேறோர் அதிர்வெண்ணில், அதிகத் திறனோடு, உயரத்திலிருந்து நாலா பக்கமும் பரப்பும். 450 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்த இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது அந்நாட்டு வழக்கம். தான் கத்துவது தன் காதையே அடைத்துவிடக் கூடாதல்லவா?

குன்றின் உச்சியில் இடம், கோபுரம், மின்சாரம், அரசின் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே செலவு செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே பலர் சேர்ந்து ஒரே ரிப்பீட்டரைப் பயன்படுத்தி, மாதந்தோறும் அதன் உரிமையாளருக்குக் கட்டணம் செலுத்துவார்கள். இதுதான் பொது ரிப்பீட்டர். 1983 அக்டோபரில் சிகாகோ நகரில் செல்பேசிச் சேவை வணிக முறையில் தொடங்கியது. அதற்கு முன்பும், அதற்குப் பின் சில ஆண்டுகளும் இந்தப் பொது ரிப்பீட்டர்கள் அமெரிக்காவில் செழித்திருந்தன. இன்றும் சில இடங்களில் அவை வேலை செய்கின்றன.

ஒரே அலைவரிசையில் இத்தனை பேர் பேசினால் என்ன ஆகும்? கான்கிரீட் லாரி ஓட்டுநரின் காதில் நாள் முழுவதும் அடைபட்ட குழாய்களைப் பற்றிய பேச்சு விழுந்துகொண்டே இருக்கும். எரிச்சலில் அவர் ஒலியைக் குறைத்து வைப்பார். தன்னை அழைக்கும்போதும் அவருக்குக் கேட்காது. இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததே 'தொனி' முறை.

நம் பேச்சு தெளிவாகப் புரிவதற்கு ஏறக்குறைய 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்கள் போதும். இருவழி வானொலிகள் அந்தப் பகுதியை மட்டுமே எடுத்துச் செல்கின்றன. அதற்குக் கீழே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில், 67.0 ஹெர்ட்ஸ் முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை, 38 தொனிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 100.0, 103.5, 107.2, 110.9 என்று போகும் இந்த வரிசையில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் முந்தியதைவிட 3.5 சதவீதம் அதிகம். கணக்குப் பாடத்தில் படித்த பெருக்குத் தொடர் நினைவுக்கு வருகிறதா? நம் இசையில் ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 6 சதவீத வேறுபாடு என்று கொண்டால், இது அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். நல்ல செவி வேண்டும்!

ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு தொனி. ஓட்டுநர் பொத்தானை அழுத்திப் பேசும் நேரமெல்லாம் குரலோடு சேர்ந்து அந்தத் தொனியும் மெல்லியதாகப் போய்க்கொண்டே இருக்கும். கேட்கும் வானொலி, தனக்குரிய தொனி வந்தால் மட்டுமே ஒலிபெருக்கியைத் திறக்கும். மற்ற நேரம் வாய் மூடிக் கிடக்கும். தொனியை ஒரு வடிப்பான் பிரித்தெடுத்துவிடுவதால் கேட்பவரின் காதுக்கு அது எட்டுவதில்லை.

குன்றின் மேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு எல்லாத் தொனிகளும் தெரிந்திருக்க வேண்டும். யார் பேசுகிறார், அவர் வாடிக்கையாளர்தானா என்று பார்த்து, ஆம் எனில் பரப்பியை இயக்கி, அவருடைய தொனியைப் புதிதாக உண்டாக்கிச் சேர்த்து அனுப்ப வேண்டும். எத்தனை விநாடி பேசினார் என்று கணக்கும் எழுத வேண்டும். இவ்வளவையும் செய்யும் சிறு பெட்டிக்கு 'டோன் பேனல்' என்று பெயர். கோபுரத்தையும் பரப்பியையும் ஒப்பிட்டால் விலை குறைவான பொருள்தான். ஆனால் ஒரு பொது ரிப்பீட்டர் ஒழுங்காக நடப்பதும் நாறிப் போவதும் இந்தப் பெட்டியைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் கருத்து. அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான கேள்வியையே முதலில் கேட்கிறார்கள் என்பதும் என் கருத்து. 'எத்தனை தொனி?' என்பதுதான் அந்தக் கேள்வி.

38 தொனி உள்ள பேனலைவிட 50 தொனி உள்ள பேனல் சிறந்தது என்று விற்பவர் சொல்வார். வாங்குபவரின் மனமும் உடனே கணக்குப் போடும்: 50 தொனி என்றால் 50 வாடிக்கையாளர், 50 மாதக் கட்டணம்! தெருக்குழாயடியில் நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சிவப்புக் குடம், பச்சைக் குடம், நீலக் குடம் என்று எத்தனை நிறம் வைத்தாலும் குழாயில் வரும் நீர் வருவதுதான் வரும். குடம் யாருடையது என்று அடையாளம் காணத்தான் நிறம் உதவும். தொனியும் அப்படியே. அலைவரிசை ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு நிறுவனமும் வேலை மும்முரமான ஒரு மணி நேரத்தில் 12 முறை, ஒவ்வொரு முறையும் 20 விநாடி பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 4 நிமிடம். 6 நிறுவனங்கள் என்றால் 24 நிமிடம். 60 நிமிடத்தில் 40 சதவீதம். 12 நிறுவனங்கள் என்றால் 48 நிமிடம், 80 சதவீதம். 'இன்னும் 12 நிமிடம் சும்மா கிடக்கிறதே' என்று தோன்றுகிறது அல்லவா? அங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாற்றுகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி அழைப்புகளின் நிகழ்தகவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் தொடங்கி வைத்த வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரம் ஒன்று இங்கே உதவும். அழைப்புகள் முறையின்றி, தற்செயலாக வருகின்றன. பேச்சின் நீளமும் கூடிக் குறைந்து வருகிறது. அலைவரிசை ஓய்வதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அப்போது சராசரிக் காத்திருப்பு நேரம் = பேசும் நேரத்தின் சராசரி × (பயன்படும் பங்கு ÷ சும்மா கிடக்கும் பங்கு). 6 நிறுவனங்களுக்கு 20 × 24/36, அதாவது சுமார் 13 விநாடி. 12 நிறுவனங்களுக்கு 20 × 48/12, அதாவது 80 விநாடி. வாடிக்கையாளர் இரண்டு மடங்கு ஆனார்கள். காத்திருப்போ ஆறு மடங்கு ஆகிவிட்டது. இன்னும் இருவரைச் சேருங்கள். 20 × 56/4 = 280 விநாடி! பதினைந்தாவது ஆளைச் சேர்த்தால் கீழே பூச்சியம் வந்துவிடுகிறது; வரிசை முடிவதே இல்லை. 38 தொனியில் 15ஐக்கூட நம்மால் எட்ட முடியவில்லை, பார்த்தீர்களா?

280 விநாடி என்பது சும்மா இல்லை. பனி உறைந்த சாலையில் வழுக்கி நிற்கும் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் கையில் மைக்கோடு காத்திருக்கும் நேரம் அது.

ஆகவே பேனலில் நான் முதலில் தேடுவது, ஒவ்வொரு தொனியும் எத்தனை முறை, எத்தனை விநாடி பயன்பட்டது என்று நம்பகமாக எண்ணும் வசதியை. உரிமையாளர்கள் இதைப் பணம் வசூலிக்கும் கருவியாகவே பார்க்கிறார்கள். இருக்கட்டும், அதில் குற்றம் இல்லை. ஆனால் 'அலைவரிசை எப்போதும் அடைத்துக் கிடக்கிறது' என்று ஐந்து பேர் ஒருவரையொருவர் குறை சொல்லும்போது, யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பதற்கு அந்த எண்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மும்முரமான நேரத்தில் பயன்பாடு 40 சதவீதத்தைத் தாண்டினால் புது வாடிக்கையாளரைச் சேர்க்கும் உரிமையாளரை நான் நல்ல வணிகர் என்று சொல்ல மாட்டேன்.

இதே கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு திருடனும் உண்டு. ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விட்டபின்னும் ரிப்பீட்டர் சில விநாடிகள் அவருடைய தொனியோடு காற்றில் நிற்கும். மறுமுனையில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் வேறொருவர் உள்ளே புகுந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் இதை 5 விநாடி என்று வைத்தால்? 12 நிறுவனங்கள் மணிக்கு 144 முறை பேசுகின்றன. 144 × 5 = 720 விநாடி. சும்மா கிடந்த அந்த 12 நிமிடமும் யாரும் பேசாமலேயே தீர்ந்து போயிற்று! 2 விநாடி என்று வைத்தால் 5 நிமிடத்திற்கும் குறைவாகவே செலவாகும். இந்த நேரத்தைத் தொனிக்குத் தொனி தனித்தனியே மாற்றி அமைக்க விடும் பேனலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஒரே திருகைத் திருப்பி எல்லோருக்கும் ஒரே அளவு வைக்கும் பேனல் எனக்குப் பிடிக்காது.

அடுத்தது பேனலின் காது. இயற்பியல் மாணவர்களாகிய உங்களுக்கு இது இனிக்க வேண்டிய பகுதி.

பள்ளி ஆய்வகத்தில் 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் 260 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் ஒன்றாக ஒலிக்கச் செய்து விம்மல் கேட்டிருப்பீர்கள். விநாடிக்கு 4 விம்மல்கள். அதாவது ஒரு விம்மல் முழுதாகக் கேட்கக் கால் விநாடி வேண்டும். அதற்குள் கவைகளை அமர்த்திவிட்டால் அவை இரண்டும் வேறு வேறு என்று உறுதியாகச் சொல்வது கடினம். இனித் தொனி வரிசைக்கு வாருங்கள். 97.4 ஹெர்ட்ஸும் 100.0 ஹெர்ட்ஸும் அடுத்தடுத்த தொனிகள். வேறுபாடு 2.6 ஹெர்ட்ஸ். ஒரு முழு விம்மலுக்கு 0.38 விநாடி ஆகும். பத்தில் ஒரு விநாடியில் ஒன்று 10 முறை அதிர்ந்திருக்கும். மற்றது ஏறக்குறைய 9¾ முறை. இரைச்சலுக்கு நடுவே இந்தக் கால் அதிர்வு வேறுபாட்டைக் கொண்டு 'இது இவர்தான்' என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய வேண்டுமானால் கூடுதல் நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இது எந்தப் பொறியாளரின் திறமைக் குறைவும் இல்லை. அலைகளின் இயல்பே அது. பேனல் விளம்பரத்தில் 'மிக வேகமாக அடையாளம் காணும், மிகத் துல்லியமாகவும் காணும்' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் அதை இரண்டாம் முறை படியுங்கள்.

துல்லியம் வேண்டும் என்பது தெளிவு. பேனல் இரண்டு பக்கமும் 1.5 சதவீதம் வரை விட்டுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 97.4இன் எல்லை மேலே 98.9 வரை போகும். 100.0இன் எல்லை கீழே 98.5 வரை வரும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிட்டன. ஒரு நிறுவனத்தின் பேச்சு இன்னொரு நிறுவனத்தின் வண்டிகளில் ஒலிக்கும். கட்டணமும் அடுத்தவர் கணக்கில் ஏறும். 1 சதவீதம் என்றால் 98.4, 99.0 என்று இடையே ஒரு சிறு வரப்பு மிஞ்சும். 'எங்கள் பேனல் பழைய வானொலிகளையும் தாராளமாக ஏற்றுக்கொள்ளும்' என்று விற்பவர் பெருமை பேசுவதுண்டு. அந்தத் தாராளம் அடுத்தவர் நிலத்தை எடுத்துத் தானம் செய்வது போன்றது. தொனி விலகிப் போன பழைய வானொலியைச் சரி செய்வதே முறை.

வேகமும் வேண்டும். ஏன் என்று பாருங்கள். தொனியை அடையாளம் காணக் கால் விநாடி வரை ஆவது வழக்கமாக ஏற்கப்படும் அளவு. ஆனால் இங்கே காதுகள் இரண்டு. முதலில் குன்றின் மேல் இருக்கும் பேனல் தொனியை அறிந்த பிறகே பரப்பி இயங்குகிறது. பிறகு வண்டியில் உள்ள வானொலி அதே தொனியைப் புதிதாக அறிந்த பிறகே ஒலிபெருக்கி திறக்கிறது. இரண்டும் சேர்ந்து அரை விநாடி. அதற்குள் பேசுபவர் ஒரு சொல்லைச் சொல்லி முடித்திருப்பார். ஆங்கிலத்தில் 'டோன்ட் ஓப்பன் தி வால்வ்' என்று சொன்னால் போவது எந்தச் சொல்? 'டோன்ட்' போய்விடுகிறது. 'வால்வைத் திற' என்ற கட்டளைதான் போய்ச் சேருகிறது! (தமிழில் 'வால்வைத் திறக்காதே' என்னும்போது மறுப்பு கடைசியில் வருகிறது. நம்மவர்கள் பேசி முடிக்கும் முன்பே பொத்தானை விட்டுவிடும் பழக்கத்திற்குத்தான் பயப்பட வேண்டும்.) அதனால்தான் இத்தகைய வானொலிகளில் பழகியவர்கள் பொத்தானை அழுத்தி, மனத்துக்குள் 'ஒன்று' எண்ணி, பிறகு வாய் திறப்பார்கள். கால் விநாடியை மீறி அசைபோடும் பேனலை வாங்கினால் இந்தப் பழக்கமும் காப்பாற்றாது.

துல்லியமா, வேகமா என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், பேனலில் நான் துல்லியத்தின் பக்கம் நிற்பேன். ஒரு விநாடி பொறுத்துப் பேச மனிதருக்குக் கற்றுக் கொடுக்கலாம். தவறான வீட்டுக் கதவைத் திறக்கும் பெட்டிக்குக் கற்றுக் கொடுக்க முடியாது.

பழைய காலத்து வானொலிகளில் இந்தக் காது உண்மையாகவே ஓர் உலோக நாக்காக இருந்தது. ஆர்மோனியத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த நாக்குகள் தெரியும். தன் இயல்பு அதிர்வெண்ணில் தொனி வந்தால் ஒத்ததிர்வினால் நாக்கு ஆடும். ஆடினால் ஒலிபெருக்கி திறக்கும். அழகான ஏற்பாடு! ஆனால் தொனி நின்ற பின்னும் நாக்கு சட்டென்று நிற்காது; ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரமெல்லாம் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும். ஊஞ்சலை எப்படி நிறுத்துவோம்? எதிர்த்துத் தள்ளுவோம். அதையே செய்தார்கள். பேசுபவர் பொத்தானை விட்டதும், பரப்பி உடனே அணைந்துவிடாமல், கால் விநாடிக்கும் குறைவான நேரம் தொனியின் கட்டத்தை மாற்றி அனுப்பும். நாக்கு உடனே அடங்கிவிடும். நாக்குகள் போய் நுண்செயலிகள் வந்த பின்னும் இந்த உத்தி நிலைத்துவிட்டது. சில தயாரிப்புகள் கட்டத்தை 180 பாகை மாற்றுகின்றன, சில 120 பாகை. வாங்கும் பேனல் வாடிக்கையாளர்களின் வானொலிகளோடு இதில் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது நல்லது. ஒத்துப் போகாவிட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை; காதுக்கு எரிச்சல், அவ்வளவுதான்.

தொனிக்குப் பதிலாக எண் குறியீட்டை அனுப்பும் முறையும் இருக்கிறது. விநாடிக்கு 134.4 துணுக்கு வேகத்தில் 23 துணுக்குகள் கொண்ட ஒரு சொல் திரும்பத் திரும்பப் போகும். ஒரு சொல்லுக்கு 0.17 விநாடி. பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளும் வகையில் அமைந்த சொற்கள் அவை. இவற்றையும் அறியும் பேனல் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பழைய பேனலை மலிவாக வாங்கும் ஆசை பலருக்கும் வரும். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013 சனவரி 1 முதல் அமெரிக்காவில் 150 முதல் 174, 421 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இத்தகைய வானொலிகளுக்கு அலைவரிசையின் அகலம் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கேற்ப அதிர்வெண் விலக்கமும் 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2.5 ஆயிற்று. அதில் தொனிக்குக் கிடைக்கும் பங்கும் ஏறக்குறைய பாதியானது. உரத்த தொனியைக் கேட்டுப் பழகிய பழைய காது இந்த மெல்லிய தொனியை அறிகிறதா என்று சோதித்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் செய்திக்கு வருகிறேன்.

மோட்டோரோலா நிறுவனம் இந்தத் தொனி முறைக்குச் சூட்டிய பெயர் 'பிரைவேட் லைன்', அதாவது தனி வழி. ஜெனரல் எலெக்ட்ரிக் 'சேனல் கார்ட்' என்றது. ஆர்.சி.ஏ. 'குவையட் சேனல்', அமைதியான அலைவரிசை என்றது. மூன்றில் உண்மைக்கு அருகில் இருப்பது மூன்றாவதுதான். தனி வழி என்பது வணிகர் சூட்டிய பெயர். அதில் தனிமையும் இல்லை, வழியும் இல்லை. தொனியைப் பொருட்படுத்தாத எந்த வானொலியிலும் எல்லோர் பேச்சும் தெளிவாகக் கேட்கும். 'வீட்டுச் சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கிறது' என்று குழாய் வேலைக்காரருக்குச் சொல்லும் கடைக்காரர் ஊருக்கே சொல்கிறார்.

இதைவிடப் பெரிய தீங்கு வேறொன்று. எனக்கு மற்றவர் பேச்சு கேட்கவில்லை. ஆகவே அலைவரிசை காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்துகிறேன். உண்மையில் அந்த நேரத்தில் பேருந்து ஓட்டுநர் பேசிக்கொண்டிருக்கிறார். அதிர்வெண் பண்பேற்ற முறையில், ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்து சேர்ந்தால் வலிமை மிக்கதே கேட்கும். மற்றது அமுங்கிப் போகும். குன்றுக்கு அருகில் நான் இருந்தால் அவர் பேச்சு நடுவில் அறுந்துவிடும். அவருக்கு ஏன் என்று தெரியாது. எனக்கோ அறுத்தேன் என்பதே தெரியாது! செய்தவனுக்கே தெரியாமல் தீங்கு நடக்க வழி செய்யும் ஏற்பாடு எதுவானாலும் அதை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதிகள் இதை முன்பே கண்டிருக்கின்றன. பேசும் முன் அலைவரிசையில் வேறு பேச்சு நடக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது உரிமம் பெற்றவரின் கடமைகளில் ஒன்று என்று தொண்ணூறாம் பகுதி சொல்கிறது. வண்டி வானொலிகளில் இதற்கு எளிய ஏற்பாடும் உண்டு. மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் தொனிப் பூட்டு விலகி, எல்லோர் பேச்சும் கேட்கும். இந்தக் கொக்கி உடைந்து, மைக் எந்நேரமும் இருக்கையில் கிடக்கும் வண்டிகள் பல. அவற்றின் மேல் ஓட்டுநர் உட்கார்ந்து பொத்தான் அழுந்திவிடுவதும் உண்டு. அப்போது பேனலில் உள்ள நேரக் காவலன், 3 நிமிடம் என்று வைத்தால் 3 நிமிடத்தில், பரப்பியை அணைத்துவிடும். ஆனால் அந்த வண்டியின் அலை ரிப்பீட்டரின் காதை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதைவிட வலிமையான அலையோடு வருபவர் மட்டுமே உள்ளே நுழைய முடியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேனலாலும் இதை மாற்ற முடியாது. இதையெல்லாம் பேனல் செய்யும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்பவரோடு நான் வாதாடுவேன். நேரக் காவலனைத் தொனிக்குத் தொனி மாற்றி அமைக்கும் வசதி இருந்தால் நல்லது. 20 விநாடி பேசும் லாரிகளுக்கு 3 நிமிடம் எதற்கு? ஒரு நிமிடமே தாராளம்.

பேனல் வாங்கியாயிற்று, யாருக்கு எந்தத் தொனி? வாடிக்கையாளர்கள் ஆறேழு பேர், தொனிகளோ 38. இப்போதுதான் அந்த எண்ணிக்கை உண்மையாகவே பயன்படுகிறது. நெருக்கி அடித்துக் கொடுக்காமல் இரண்டு மூன்று தொனி விட்டு விட்டுக் கொடுக்கலாம். 97.4 ஒருவருக்கு என்றால் அடுத்தவருக்கு 107.2 கொடுங்கள், பேனலின் காதுக்கு வேலை எளிதாகும்.

மின்சாரத்தின் ரீங்காரத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். சரியாக வடிகட்டாத மின்வழங்கியிலிருந்து 120, 180 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கசியும். தொனி வரிசையில் 118.8 இருக்கிறது, 179.9 இருக்கிறது. 180க்கும் 179.9க்கும் வேறுபாடு 0.1 ஹெர்ட்ஸ், ஒரு விம்மலுக்கு 10 விநாடி! எந்தக் காதாலும் பிரிக்க முடியாது. யாரும் பேசாமலேயே ரிப்பீட்டர் தானாகத் திறந்துகொள்ளும். நம் நாட்டில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் இங்கே வம்பு செய்யக்கூடியவை 100.0, 151.4 ஆகிய இரண்டும். அந்த அமெரிக்கக் குன்றின் மேல் இருக்கும் பேனல் என் பொறுப்பில் இருந்தால், எத்தனை வாடிக்கையாளர் வந்து கேட்டாலும் 118.8ஐ கடைசியாகத்தான் கொடுப்பேன், 179.9ஐ யாருக்கும் கொடுக்க மாட்டேன்.